பித்தமும் செரட்டோனினும்

‘பைத்தியம்’ என்ற சொல்லை நாம் வசையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு காலத்தில் அது மருத்துவச் சொல். பித்தம் கூடியதால் வந்த கோளாறு என்பதுதான் அதன் பொருள். பித்தன், பித்துப் பிடித்தவன், ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ எல்லாமே அந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. கிரேக்கர்கள் தீராத சோகத்துக்கு வைத்த ‘மெலன்கோலியா’ என்ற பெயருக்கும் கரும்பித்தம் என்றுதான் அர்த்தம். மொழியாலும் தூரத்தாலும் பிரிந்திருந்த இரண்டு மரபுகள், கலங்கிப்போன ஒரு மனிதரைப் பார்த்து ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: உள்ளே ஏதோ ஒரு சரக்கு அளவு மீறிவிட்டது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ‘மூளையில செரட்டோனின்ங்கற ரசாயனம் குறைஞ்சிருக்கு’ என்று இன்று நாம் வெகு சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் எலும்புக்கூடும் இதேதான். சரக்கின் பெயர் மாறியிருக்கிறது, கூடியது குறைந்ததாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மனநலம் பற்றித் திறந்த மனதோடு இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கேலி செய்யாதே, ஒதுக்காதே, பரிவோடு இரு என்றே பொருள் கொள்கிறோம். சரிதான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. எனக்கு உறுத்துவது அதன் இன்னொரு பாதி. ஒருவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு நம் எல்லோரிடமும் கைவசம் ஒரு பதில் இருக்கிறது. சிலருக்கு அது மூளை ரசாயனம், சிலருக்கு வளர்ப்பு, சிலருக்கு மனத்திடம் இல்லாமை, சிலருக்குக் கைபேசி. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே அந்தப் பதில் நம் வாயில் வந்து நிற்கிறது. இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால், பரிவில்லாதவர்கள் செய்த கொடுமைகளுக்குக் குறையாமல், பரிவோடும் அசைக்க முடியாத நம்பிக்கையோடும் செய்யப்பட்ட கொடுமைகளும் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் ஒரு வகை நோயாளிகள் நிறைய இருந்தார்கள். பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். நேற்றுவரை கணக்கு வழக்கில் கறாராக இருந்த மனிதர் திடீரென்று இருப்பதையெல்லாம் வாரி இறைப்பார். தான் ஒரு சக்கரவர்த்தி என்பார், மலை மலையாகப் பொன் குவித்து வைத்திருக்கிறேன் என்பார். பிறகு நாக்கு குழறும், கையெழுத்து கோணும், நடை தள்ளாடும். சில ஆண்டுகளில் படுத்த படுக்கையாகிச் செத்துப்போவார். குடி, பரம்பரை, ஒழுக்கக்கேடு, அளவுக்கு மீறிய உழைப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இறந்தவர்களின் மூளை உறைகளில் அழற்சி இருப்பதை அந்துவான் பேய்ல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1822இலேயே எழுதியிருந்தார். அது எதனால் வந்தது என்று உறுதியாகத் தெரிய 1913 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நியூயார்க்கில் ஹிடேயோ நோகுச்சி, மூர் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளின் மூளைக்குள் சிபிலிஸ் கிருமியையே கண்டார்கள். இளவயதில் எப்போதோ தொற்றி, ஆறிவிட்டது என்று மறந்துபோன பால்வினை நோய், பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்து கடைசியில் மூளையைத் தின்றிருக்கிறது.

இதற்கு வந்த முதல் சிகிச்சை இன்றைக்குக் கேட்டாலும் திகைக்க வைக்கும். வியன்னாவில் ஜூலியஸ் வாக்னர்-யாரெக் 1917இல் இந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார். மலேரியாக் காய்ச்சலின் சூட்டில் கிருமி சாகும், பிறகு கொய்னா கொடுத்து மலேரியாவை அடக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. சிலர் இறந்தார்கள், பலர் தேறினார்கள். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1940களில் பெனிசிலின் வந்த பிறகு மலேரியாவுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அறிவியலின் வெற்றிக் கதை. ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரெண்டனில் அரசு மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த ஹென்றி காட்டன் நோகுச்சியின் கண்டுபிடிப்பில் சொக்கிப்போனார். ஒரு மனநோய்க்குக் கிருமி காரணம் என்றால் எல்லா மனநோய்க்கும் கிருமிதானே காரணமாக இருக்க வேண்டும்? கிருமி ஒளிந்திருக்கும் இடம் பல் என்று பற்களைப் பிடுங்கினார். குணமாகாவிட்டால் டான்சில். அப்போதும் ஆகாவிட்டால் பெருங்குடலை அறுத்து எடுத்தார். குடல் அறுவையில் ஏராளமானோர் இறந்தார்கள். அவரைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. தன் கொள்கையை அவ்வளவு நம்பியதால் தன் பற்களையும் பெற்ற பிள்ளைகளின் பற்களையும் பிடுங்க வைத்தவர். தங்கள் காலத்தில் யார் நோகுச்சி, யார் காட்டன் என்று அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. இருவரும் சொன்னது ஒன்றுதான்: ‘மனநோய் என்பது உடல்நோய்.’

எனக்கு 1949 என்ற ஆண்டின் மேல் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. அந்த ஒரே ஆண்டில் மூன்று விஷயங்கள் நடந்தன.

போர்ச்சுகல் நாட்டு நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையின் முன்பகுதியிலிருந்து உள்ளே போகும் இழைகளை அறுத்துவிடும் அறுவைச் சிகிச்சைக்காக. 1935இல் அவர் தொடங்கிய அந்த முறை, அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமனின் கையில் கண்குழி வழியாகக் கம்பியைச் செருகிக் கலக்கும் சில நிமிட வேலையாக மாறியது. ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், இந்த மூளை அறுவையின் முந்தைய வடிவம் செய்யப்பட்டது. நன்றாக நடக்கவும் பேசவும் தெரிந்த பெண், பிறகு பேச்சிழந்து, 2005இல் இறக்கும்வரை அடுத்தவர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற அதிகம் அறியப்படாத மருத்துவர், கட்டுக்கடங்காத கிளர்ச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் என்ற மலிவான உப்பைக் கொடுத்து அவர்கள் அமைதியானதை எழுதினார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழி முழுக்கத் தப்பு. நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்தார். அதைச் சோதிக்க யூரிக் அமிலத்தைக் கரைக்க வேண்டியிருந்தது, கரைக்க வசதியாக லித்தியத்தைச் சேர்த்தார், ஊசி போட்ட கினிப் பன்றிகள் அசையாமல் கிடந்தன. அவை சாந்தமடைந்ததைவிட லித்திய நஞ்சால் சோர்ந்து கிடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அனுமானம் பிசகு, பரிசோதனை அரைகுறை, மருந்து மட்டும் சரி. மிகைக் கிளர்ச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. அமெரிக்க அரசு அதை அங்கீகரிக்கவே 1970 ஆயிற்று.

மூன்றாவது, இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஆஷர் எழுதிய ஒரு கட்டுரை. மனநோய் என்று கருதப்பட்ட 14 பேரை அதில் விவரித்தார். உண்மையில் அவர்களுக்கு இருந்தது தைராய்டு சுரப்புக் குறைவு. அந்தச் சுரப்பைக் கொடுத்ததும் பெரும்பாலோர் தேறினார்கள்.

எந்தக் கண்டுபிடிப்பு நிற்கும், எது வெட்கக்கேடாக முடியும் என்று 1949இல் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நானும் நோபல் பரிசின் பக்கம்தான் பணம் வைத்திருப்பேன்.

ஆஷரின் கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன் போனில் ‘எதுவுமே பிடிக்கலடா, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மலையா இருக்கு’ என்றான். அவன் அப்பா இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முந்தைய தலைமுறையாக இருந்தால் ‘எல்லாம் சரியாயிடும்’ என்றிருப்பார்கள். நான் படித்தவன் அல்லவா. ‘இது டிப்ரஷன்டா, வெட்கப்பட ஒண்ணும் இல்ல, டாக்டரைப் பாரு’ என்று ஐந்து நிமிடம் பேசினேன். நடுவில் அவன் ‘குளிரும் தாங்க முடியல, வெயிட்டு வேற ஏறிட்டே போகுது’ என்றான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்குத்தான் விடை கிடைத்துவிட்டதே. மனநல மருத்துவர் முதல் வேலையாக ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். அளவு எக்கச்சக்கமாக இருந்தது. தைராய்டு.

நான் சொன்ன அறிவுரையால் கெடுதல் வரவில்லை, மருத்துவரைப் பார் என்றது சரிதான். ஆனால் நான் திறந்த மனதோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடமும் என் மனக்கதவு இறுகச் சாத்தியிருந்தது.

நோய்க்குப் பெயர் வைப்பதில் உள்ள இந்தச் சிக்கலை அறிய இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973 ஜனவரியில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த மனநோயும் இல்லாத எட்டுப் பேர் 12 மருத்துவமனைகளுக்குப் போய், குரல் கேட்கிறது என்று மட்டும் பொய் சொன்னார்கள். ‘வெறுமை’, ‘பொள்ளல்’, ‘தொப்’ என்று அந்தக் குரல் சொல்வதாகச் சொன்னார்களாம். எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்ததும் இயல்பாகவே நடந்துகொண்டும் சராசரியாக 19 நாள் வெளியே விடவில்லை, ஒருவரை 52 நாள். அவர்கள் குறிப்பெடுத்ததைக்கூட ஊழியர்கள் நோயின் கூறாக எழுதிவைத்தார்கள். ‘நீ நோயாளி இல்லை, பத்திரிகைக்காரன்’ என்று கண்டுபிடித்தவர்கள் அங்கிருந்த உண்மையான நோயாளிகள். மனநல மருத்துவத்தின் மேல் விழுந்த பெரிய அறை அது. 1980இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு கறாரான அறிகுறிப் பட்டியல்களோடு வந்ததற்கு இந்த அவமானமும் ஒரு காரணம்.

2009இல் நியூயார்க்கில் சூசன்னா கஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்குச் சந்தேகமும் பிரமையும் வலிப்பும் வந்தன. குடியை நிறுத்தியதன் விளைவு என்று ஒரு மருத்துவர் சொன்னார். பிறகு மனநோயின் பெயர்கள் அடிபட்டன. ஸ்கேன்கள் எதிலும் குறையில்லை. கடைசியில் சூஹேல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டார் அந்தப் பெண். இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மூளையின் ஒரு பாதி அழற்சியில் இருக்கிறது என்று மருத்துவருக்குப் புரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூளைச் செல்கள் சேதி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையே தாக்கும் நோய் அது. ஹோசப் டால்மாவ் என்ற மருத்துவரின் குழு அதை விவரித்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு வருடம் முந்தி அந்தப் பெண் நோயுற்றிருந்தால், பெயர் தெரியாமலே எங்காவது அடைபட்டிருப்பார்.

குணமான கஹலன், தன்னைப் போலவே தவறான பெயர் சூட்டப்பட்டவர்கள் என்ற பாசத்தில் ரோசன்ஹானின் போலி நோயாளிகளைத் தேடிப் புறப்பட்டார். பல வருடத் தேடலுக்குப் பிறகு 2019இல் அவர் எழுதியது அவருக்கே அதிர்ச்சி. அந்த எட்டுப் பேரில் ஒருவராக ரோசன்ஹானே போயிருந்தார். அவருடைய மருத்துவமனைப் பதிவேட்டின்படி, கட்டுரையில் சொன்னதைவிட மிகக் கடுமையான அறிகுறிகளை மருத்துவரிடம் கூறியிருந்தார், தற்கொலை எண்ணம் உட்பட. மருத்துவமனையில் நல்லபடியாக நடத்தப்பட்ட ஒரு போலி நோயாளியின் விவரத்தைக் கட்டுரையிலிருந்து நீக்கியிருந்தார். மற்ற போலி நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நோய் கண்டறிதலைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுத்த ஆய்வே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. மருத்துவர்களை நம்பாதே என்பதற்கு ரோசன்ஹானை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தச் சந்தேகத்தில் கொஞ்சத்தை அவருக்கும் ஒதுக்க வேண்டும்.

சரி, 1980க்குப் பிறகு வந்த கறாரான பட்டியல்களாவது உறுதியான தரையா? மனச்சோர்வுக்கு அந்தக் கையேடு 9 அறிகுறிகளைத் தருகிறது. இரண்டு வாரமாவது 5 இருக்க வேண்டும், அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை கட்டாயம் இடம்பெற வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டால் 227 விதமான சேர்க்கைகள் வருகின்றன. இருவருக்கும் மனச்சோர்வு என்று எழுதப்பட்டிருக்கும், ஆனால் இருவருக்கும் ஒத்துப்போவது ஒரே ஒரு அறிகுறியாகக்கூட இருக்கலாம். தூக்கமே வராமல் தவிப்பவரும் நாள் முழுக்கத் தூங்குகிறவரும் ஒரே கட்டத்தில் குறி போடுவார்கள். இதைச் சொன்னவுடன் ‘அப்படியானால் எல்லாமே கற்பனை’ என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. ‘காய்ச்சல்’ என்பதும் இப்படிப்பட்ட சொல்தான். அதற்குள் நூறு நோய்கள் இருக்கலாம், அதற்காக உடம்பு கொதிப்பது பொய்யாகிவிடாது.

சில பெயர்கள் பொய்யாகவே இருந்தன என்பதும் உண்மை. தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973 டிசம்பர் வரை நோய் என்றே எழுதிவைத்திருந்தது. நீக்கியதை எதிர்த்து 1974இல் உறுப்பினர் வாக்கெடுப்பே நடந்தது: நீக்கத்துக்கு ஆதரவு 5,854, எதிர்ப்பு 3,810. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் இருந்து எடுக்க 1990 ஆயிற்று. ஒரு பெயர் நோயா இல்லையா என்பதை எப்போதும் நுண்ணோக்கி மட்டுமே முடிவு செய்வதில்லை.

மீண்டும் செரட்டோனினுக்கு வருவோம். 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியசிட் என்ற மருந்து சில நோயாளிகளைக் குதூகலப்படுத்தியது. அது மூளையில் என்ன செய்கிறது என்று தேடியதிலிருந்து, அங்குள்ள சில ரசாயனங்களின் குறைவுதான் மனச்சோர்வு என்ற கருத்து 1960களில் உருவானது. 1987 கடைசியில் ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, விளம்பரங்கள் வழியாக அந்தக் கருத்து உலகப் பொது அறிவானது. 2022இல் ஜோவன்னா மான்கிரீஃபும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே ‘அப்ப மாத்திரையெல்லாம் ஏமாத்து’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது.

அங்கேதான் நிதானிக்க வேண்டும். 2018இல் ‘லான்செட்’ இதழில் ஆந்திரேயா சிப்ரியானி குழு 522 பரிசோதனைகளை, 1,16,477 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தது. பெரியவர்களுக்கு வரும் தீவிர மனச்சோர்வில், ஆராய்ந்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட அதிகம் பலன் தந்திருந்தன. சராசரியாகப் பார்த்தால் பலன் மிதமானதுதான். சிலருக்கு அது உயிரைத் திருப்பிக் கொடுத்திருக்கும், சிலருக்கு ஒன்றுமே செய்திருக்காது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல்தான் விளக்கினார். நடுவில் 72 வருடம் தலைவலி போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் தலைவலிக்குக் காரணம் ஆஸ்பிரின் குறைபாடு என்று சொல்லவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் செரட்டோனின் செய்தியைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று உடம்பு கடுமையாகப் பழிவாங்கக்கூடும். குறைப்பதானாலும் மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகத்தான்.

ரசாயன விளக்கத்தை விரும்பியவர்களுக்கு ஒரு நல்ல நோக்கம் இருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு வகையையே எழுதினார். பிள்ளைக்கு நோய் வந்த வேதனையோடு, ‘நீதான் காரணம்’ என்ற பழியையும் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் சுமந்தார்கள். மூளை நோய் என்று சொன்னால் அந்தப் பழி போகும் அல்லவா? போனது. ஆனால் கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்தது. உயிரியல் காரணம் சொல்லப்பட்டால் நோயாளியைக் குறை சொல்வது குறைகிறது, ஆனால் ‘இது மாறவே மாறாது’ என்ற அவநம்பிக்கை கூடுகிறது என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. அந்த அவநம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான், சில ஆய்வுகளில் அதற்கும் குறைவு. மரபணு பெரிய பங்கு வகிக்கிறது, தீர்ப்பு எழுதுவதில்லை.

நண்பனின் கதை தைராய்டோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் குளிர் போனது, எடை இறங்கியது, டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்தது. காலையில் எழுந்திருக்க முடிந்தது. ஆனால் அப்பாவின் சட்டையை அலமாரியில் பார்த்தால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது, இரவில் தூக்கம் வராது. ஆக, தைராய்டும் உண்மை, அதன் அடியில் இன்னொன்றும் உண்மை. ஆலோசகர் ஒருவரிடம் போக ஆரம்பித்தான். அது உதவுகிறதா என்று கேட்டால், சில வாரம் ஆமாம் என்பான், சில வாரம் தெரியலை என்பான்.

போன மாதம் பேசும்போது ‘எது தைராய்டு, எது அப்பா, எது நான்னு எனக்கே பிரிச்சுப் பார்க்க முடியலடா’ என்றான். என்னிடம் இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனை தகவலும் தயாராக இருந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்டேன்.

‘நாலு.’

‘போன வாரம்?’

‘மூணு இருக்கும்’ என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றை, அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த இரவைப் பற்றி, சொல்ல ஆரம்பித்தான்.